நல்ல தண்ணி ஆகாது

அத்தியாயம் ஒன்பது

வலது கண் திறக்கவில்லை.

பொன்னியம்மா இரண்டு விரலால் இமையைப் பிரித்தாள். பசை போட்டு ஒட்டினதுபோல் பீளை. பிரிந்த இடத்தில் காலை வெளிச்சம் ஊசியாக நுழைந்தது. உடனே மூடிக்கொண்டாள்.

நேற்று மத்தியானம் பாதி வகுப்பில் கண் உறுத்துகிறது என்று கண்ணுக்குள் போடும் கண்ணாடி ஓட்டைக் கழற்றிவிட்டு அவள் வீடு வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தூசு என்று நினைத்தாள். தூசு ஒரு ராத்திரியில் இப்படி வளராது.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. பொன்னியின் கருவிழி மற்றவர்களுடையதுபோல் சீராக இல்லை. நாளாக ஆகக் கூம்பிக்கொண்டே போகிறது. மூக்குக் கண்ணாடி எதுவும் அவளுக்கு உதவாது. ஒரு விளக்கு அவளுக்கு ஏழெட்டு விளக்கு. ஒரு முகம் அவளுக்குத் தண்ணீரில் ஊறிய காகிதம். அம்பத்தூர் ஏரிக்கரைச் சேரியிலிருந்து ட்ரெயினிங் முடித்து வாத்தியாரம்மா ஆன முதல் பெண் அவள். சேரிப் பிள்ளைகளுக்கென்று சர்க்கார் நடத்தும் லேபர் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்த மறு வருஷமே கரும்பலகை கலங்க ஆரம்பித்தது.

புரசைவாக்கம் டாக்டர் எத்திராஜ் சண்டை முடிந்து சீமையிலிருந்து திரும்பியபோது ஒரு மரப்பெட்டி நிறையக் கண்ணாடி ஓடுகள் கொண்டுவந்தார். பார்க்க உடைந்த முட்டை ஓடுபோல, கால் ரூபாய் அகலம். உள்ளே மருந்துத் தண்ணீர் நிரப்பி, முகத்தைக் கவிழ்த்து, இமைக்குள் அதை ஏந்திக்கொள்ள வேண்டும். அவர் காசு வாங்கவில்லை. தருமம் என்று யாரும் உருக வேண்டாம். மற்ற டாக்டர்களுக்குக் காட்ட அவருக்குக் கூம்பிய கண் ஒன்று தேவைப்பட்டது. அது பொன்னிக்கும் தெரியும். தெரிந்துதான் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வளையல் கடையில் பொறுக்குகிற சாமான் இல்லை அது. ஒன்று விளிம்பில் அறுத்தது. ஒன்றுக்குள் காற்றுக் குமிழி வந்து உட்கார்ந்துகொண்டது. இன்னொன்று போட்டபோது சுகமாக இருந்து, சற்று நேரத்தில் கண்ணைச் சிவக்க அடித்தது. "சுகமா இருக்குன்னு நீங்க சொன்னா போதாது. கழட்டின பிறகு உங்க கண்ணு சொல்லணும்" என்று டாக்டர் மாற்றி மாற்றிப் பார்த்தார். கடைசியில் வலது கண்ணுக்கு ஒன்று பொருந்தியது. இடது கண்ணுக்கு அந்தப் பெட்டியில் எதுவும் இல்லை.

ஆக, அவளுடைய உலகம் முழுவதும் அந்த ஒரே ஓட்டில்.

அதுவும் நாள் முழுக்க இல்லை. காலையில் போட்டால் மத்தியானத்துக்குள் ஓட்டுக்குள்ளே புகை மூட்டம் கட்டும். கழற்றி, தண்ணீர் மாற்றி, மறுபடி போட வேண்டும். பள்ளி விட்டதும் எடுத்துவிட வேண்டும். பார்க்கக் கிடைத்த நேரமெல்லாம் பள்ளிக்கூடத்துக்கே சரியாகப் போயிற்று. யார் யார் பிள்ளையோ எழுதின சிலேட்டைத் தெளிவாகப் பார்த்தாள். வீட்டு மனிதர்களின் முகத்தைப் பார்த்து மாதக் கணக்காகிறது. வீட்டில் அவள் குரல்களோடு குடித்தனம் செய்தாள்.

"எம்மா" என்று கூப்பிட்டாள்.

தாயம்மா அடுப்பை விட்டு ஓடிவந்தாள். மகளின் முகத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

"இன்னாடி இது! கோவப்பழமாட்டம் கீது!"

"கத்தாத. ஓட்டை எடுத்துக் குடு."

அண்ணன் துலுக்கானம் ஆவடி டிப்போவுக்குப் புறப்பட்டு வாசலில் நின்றான். அங்கே அவனுக்கு மிலிட்டரி லாரிகளைக் கழுவுகிற வேலை.

"போட்டுக்கினு போ. நடந்தா சரியாப் பூடும்" என்றான்.

"கண்ணு செவந்தா போடக்கூடாதுண்ணே."

"அப்ப எட்மாஸ்டருக்கு இன்னா சொல்லுவே? போன தபா லீவு போட்டதுக்கே, 'கண்ணு தெரியாதவளுக்கு கரும்பலகை இன்னாத்துக்கு'ன்னு கேட்டாராமே?"

கேட்டார்தான். இன்னொரு தரம் லீவு என்றால் வேறு ஆள் பார்ப்பேன் என்றும் சொன்னார்.

ஓடு ராத்திரி முழுக்க ஊறுகிற பீங்கான் கிண்ணத்தின் மூடியைத் திறந்தாள் பொன்னி. ரப்பர் குழலால் ஓட்டை உறிஞ்சி எடுத்து, டாக்டர் கொடுத்த சீசாவிலிருந்து மருந்துத் தண்ணீர் ஊற்றி நிரப்பி, முகத்தைக் கவிழ்த்தாள். விளிம்பு இமையைத் தொட்டதும் மண்டை வரை வலி ஏறியது. ஓடு நழுவி மடியில் விழுந்தது. நல்லவேளை, புடவைக் கொசுவம் தாங்கிக்கொண்டது.

மறுபடி முயன்றிருப்பாள். செவந்தா தொடாதீங்க என்று டாக்டர் சொன்னதை நினைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அதைக் கிண்ணத்தில் திரும்பப் போட்டாள். ஓடு பத்திரமாக இருக்கிறது, கண்தான் போய்க்கொண்டிருக்கிறது.

பயம் வந்தால் பொன்னிக்கு அழுகை வராது. கோபம்தான் வரும்.

"இந்தக் கிண்ணத்த யாரு தொட்டது?"

அம்மிக்கல் ஓரத்திலிருந்து அண்ணி அன்னம்மாளின் குரல் வந்தது.

"நான்தான் ஒரு நா தொட்டேன். அதுக்கு இன்னா இப்ப?"

"இன்னா செஞ்சே?"

"அத்தே வெச்ச தண்ணி ஒரு மாதிரி கீதேன்னு கீழ ஊத்திட்டு, நல்ல தண்ணி ஊத்தி வெச்சேன். ஊர்க் கெணத்தாண்ட வெயில்ல நின்னு வாங்கியாந்தது. எனக்குக் குடிக்கக்கூட மிச்சமில்ல. உன் கண்ணாச்சேன்னு ஊத்தினேன்."

"அடிப் பாவி!" தாயம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "நல்ல தண்ணி ஆகாதுன்னு டாக்டரு படிச்சுப் படிச்சு சொன்னாரேடி! அதான் எம்பொண்ணு கண்ணு பூடுச்சு!"

"காய்ச்சாத தண்ணியா? உப்புப் போடாத வெறும் தண்ணியா?" பொன்னி எழுந்துவிட்டாள்.

"தண்ணின்னா தண்ணி. அத்த இன்னா பாயாசமாட்டம் காய்ச்சிக்கினா இருப்பாங்க?"

வேறொரு நாளாக இருந்தால் பொன்னிக்கே சிரிப்பு வந்திருக்கும்.

"தெரியாதுன்னா தொடாம இருக்கணும் அண்ணி. பள்ளிக்கூடத்துல நான் நாற்காலில உக்கார்றது உனக்குப் பொறுக்கல. அதுக்கு என் கண்ணக் கெடுத்துட்டே."

அம்மி ஓசை நின்றது.

"தண்ணி ஊத்தினது தப்புன்னா தப்புதான்" என்றாள் அன்னம். "பொறுக்கலன்னு மட்டும் சொல்லாத. நீ கட்டிக்கினு கீற புடவைய நேத்து தோச்சவ நானு."

துலுக்கானம் வாசலிலிருந்தே சொன்னான். "சாயந்தரம் வரேன். வந்து பேசிக்கறேன் உங்கிட்ட."

எப்படிப் பேசுவான் என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பொன்னிக்கும் தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை. தன் கண்தான் பெரிதாக இருந்தது அவளுக்கு.

*

ரயிலில் பெண்கள் பெட்டியில் இடம் கிடைத்தது. தாயம்மா கிண்ணத்தை ஈரத்துணியில் சுற்றி, பிள்ளையை வைத்துக்கொள்வதுபோல் மடியில் வைத்துக்கொண்டாள். பொன்னி முந்தானையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். இடது கண்ணில் ஜன்னல் ஒரு வெள்ளைக் கறை. கரிப்புகை வாசனையை வைத்து எஞ்சின் பக்கம் எது என்று தெரிந்தது.

எதிரே ஒரு கீரைக்காரி. கூடையை நகர்த்திவிட்டுக் கேட்டாள்.

"பொண்ணுக்குக் கண்ணுல இன்னா?"

"கண்ணுக்குள்ள கண்ணாடி போடுவா. அதுல ஏதோ ஆயிடுச்சு."

"கண்ணுக்கு மேலதானே போடுவாங்க?"

"இது உள்ளாற."

"உள்ளாறயா! அப்ப தும்மினா?"

"கெட்டியா மூடிக்கணும்."

"அழுதா?"

"அவ அழமாட்டா" என்றாள் தாயம்மா.

பெட்டியில் யாரோ சிரித்தார்கள். பொன்னி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தன்னைப் பற்றித் தன் எதிரிலேயே பேசுகிறார்கள். தான் அங்கே இல்லாததுபோல். பள்ளிக்கூடத்தில் அவள் வாத்தியாரம்மா, ஆனால் மற்ற வாத்தியார்கள் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. வீட்டில் அவள் படித்தவள், ஆகவே யாரும் அவளிடம் எதையும் பேசுவதில்லை. இரண்டு இடத்துக்கும் நடுவே இந்த ரயில் மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறாள். ஒரு ஸ்டேஷனிலும் அவளுக்கென்று ஆள் நிற்பதில்லை.

"பசிக்குதா கண்ணு?" என்று தாயம்மா காதருகே கேட்டாள்.

"இல்ல."

"உங்க அண்ணிய உண்டு இல்லன்னு பண்ணிடறேன் பாரு. நீ கவலப்படாத."

*

டாக்டர் எத்திராஜ் விளக்கைக் கிட்டே கொண்டுவந்தார். இமையைப் புரட்டினார். மஞ்சள் மருந்து ஒரு சொட்டு விட்டு மறுபடி பார்த்தார்.

"காலைல மறுபடி ஓட்டைப் போட்டீங்களா?"

"போடப் பார்த்தேன். போடல."

"போட்டிருந்தா இன்னிக்கு நாம பேசறதுக்கே ஒண்ணுமில்ல." நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "கருவிழியில புண்ணு. இப்போ ஓரமா இருக்கு. அங்கேயே ஆறிட்டா பிழைச்சீங்க. நடுவுக்கு வந்தா தழும்பு விழும். தழும்பு விழுந்த கண்ணுக்கு எந்த ஓடும் உதவாது."

"எப்ப தெரியும்?"

"வெள்ளிக்கிழமை கட்டைப் பிரிச்சா தெரியும்."

அடுத்த மாதம் டாக்டர்கள் கூட்டத்தில் அவளை உட்காரவைத்துக் காட்டுவதாக இருந்தார் அவர். அந்த ஏமாற்றம் குரலில் இருந்தது. அவள் கண்ணுக்காக வந்த வருத்தமும் இருந்தது. எது எவ்வளவு என்று பொன்னி பிரித்துப் பார்க்கவில்லை.

"ஓட்டை எதுல ஊறப்போடறீங்க? கொண்டு வந்தீங்களா?"

தாயம்மா துணியை அவிழ்த்துக் கிண்ணத்தை நீட்டினாள். அவர் மூடியைத் திறந்து முகர்ந்தார். விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். கிண்ணத்தின் உள்விளிம்பில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. பொன்னி அதை ஒருநாளும் பார்த்ததில்லை. அந்தக் கிண்ணம் திறக்கிற நேரங்களில் அவளுக்குக் கண் கிடையாது.

"இது என்ன தண்ணி?"

"என் மருமவ ஒரு தபா நல்ல தண்ணிய ஊத்திப்புட்டா சாமி. அதுலதான் இப்படி ஆயிடுச்சு. மத்தபடி நீங்க சொன்ன சொல்ல நான் மீறினதில்ல. தெனம் விடிய முன்ன எழுந்து மாத்திடுவேன். உப்புத் தண்ணிதான்."

"சரி. உப்பு எவ்வளவு போடறீங்க?"

"உப்பா?"

"ஆமா. தண்ணியைக் காய்ச்சி, அதுல எவ்வளவு உப்பு?"

தாயம்மா சிரித்தாள். பெரிய டாக்டருக்கு இது தெரியவில்லையே என்கிற சிரிப்பு.

"உப்புத் தண்ணிக்கு யாராச்சும் உப்புப் போடுவாங்களா சாமி? எங்க சேரிக் கெணறே உப்புத் தண்ணிக் கெணறுதான். வாயில வெக்க முடியாது. மாடு குளுப்பாட்ட ஆளுங்க வந்து கலக்கறதுக்குள்ள, மொத தண்ணியா மொண்டாந்துருவேன். அதுவும் துணில வடிகட்டி."

டாக்டரின் கையில் கிண்ணம் அப்படியே நின்றது.

பொன்னிக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. ஓடு பொருந்திய நாள். கண்ணில் மருந்து விட்டு அவளை உள் அறையில் படுக்கவைத்திருந்தார்கள். வெளியே டாக்டர் அம்மாவிடம் சொன்னது சுவரைத் தாண்டிக் கேட்டது. "வெறும் நல்ல தண்ணி ஆகாதும்மா. உப்புத் தண்ணிதான். தினம் மாத்திடணும்." காய்ச்சுவதைப் பற்றி, உப்பின் அளவைப் பற்றி, சோப்புப் போட்டுக் கை கழுவுவதைப் பற்றியெல்லாம் படித்த பெண்ணிடம் முன்பே விவரமாகச் சொல்லியிருந்தார். படிக்காத தாயிடம் சுருக்கமாகச் சொன்னால் போதும் என்று நினைத்தார்.

படித்த பெண்ணும் அப்படித்தான் நினைத்தாள். கிண்ணம் வீட்டு வேலை. வீட்டு வேலை அம்மாவுடையது. ஒருநாளாவது "இன்னா ஊத்தறே?" என்று கேட்டாளா? வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்குத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கப் பாடம் நடத்தினவள்!

டாக்டர் இங்கிலீஷுக்கு மாறினார். நான் தெளிவாகத்தானே சொன்னேன் என்றார்.

"தெளிவாத்தான் சொன்னீங்க" என்று பொன்னி தமிழிலேயே பதில் சொன்னாள். "எங்க ஊர்ல அதுக்கு வேற அர்த்தம்."

அவர் தாயம்மாவைப் பார்த்தார். பொன்னியைப் பார்த்தார். உங்கள் தாயாருக்கு யார் சொல்வது என்று அதே பாஷையில் கேட்டார்.

"நான் சொல்றேன்."

"இன்னாடி சொல்றாரு?" என்றாள் தாயம்மா.

"மருந்து எப்படிப் போடறதுன்னு."

அவர் கண்ணைக் கழுவி, களிம்பு தடவிக் கட்டுப் போட்டார். பொழுது சாய்வதற்குள் முதல் ஒத்தடம் கொடுக்க வேண்டும் என்றார். குடிக்கிற தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து, வெள்ளைத்துணியை அதிலேயே அவித்து, பொறுக்கிற சூட்டில் இமைமேல் வைக்க வேண்டும். பிறகு சொட்டு மருந்து. பிறகு புதுக்கட்டு. ஓட்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். கிண்ணத்திலிருந்த தண்ணீரைத் தொட்டியில் கொட்டினார்.

"கொட்டிட்டாரே. உப்புத் தண்ணி வேணாமா இனிமே?" என்று தாயம்மா படியிறங்கும்போது கேட்டாள்.

பொன்னி சுவரைத் தடவிக்கொண்டு அடுத்த படிக்கு இறங்கினாள்.

*

சொல்லிவிடலாம் என்று சென்ட்ரலில் நினைத்தாள். கூட்டமாக இருந்தது. ரயில் கிளம்பினதும் சொல்லலாம் என்று நினைத்தாள். பேசின் பிரிட்ஜ் போயிற்று. பெரம்பூர் போயிற்று. தாயம்மாவின் உள்ளங்கை அவள் கையைப் பிடித்தே இருந்தது. நாற்று நட்டு வெடித்த கை. அந்தக் கையால் விடியுமுன் கிணற்றுக்கு நடந்து, வடிகட்டி, மூடி போட்டு, ஒருநாள் தவறாமல் மகளின் கண்ணில் சாக்கடையை ஊற்றியிருக்கிறாள். இதை எந்த வார்த்தையில் சொல்வது?

"அவள சேக்காட்டுக்கு அனுப்பிட வேண்டியதுதான்" என்றாள் தாயம்மா. "அவ ஆத்தா ஊட்டுல கெடந்தாதான் புத்தி வரும்."

"வேணாம்மா."

"நீ சும்மா இரு. என் கண்ண யாராச்சும் நோண்டியிருந்தாக்கூட பொறுத்துக்கினு போயிருப்பேன்."

பொன்னி சுற்றிவளைத்துப் பார்த்தாள். "எம்மா, ஓடு திரும்பி வந்தா, இனிமே கிண்ணத்த நானே பார்த்துக்கறேன்."

பிடித்திருந்த கை தளர்ந்தது.

"ஏன்? என் கை சுத்தமில்லன்னு சொல்றாரா?"

"அப்படிச் சொல்லல."

"பின்னே நீ சொல்றியா?"

வில்லிவாக்கம் போயிற்று. கொரட்டூர் ஏரிக்காற்று ஜன்னலில் ஈரமாக அடித்தது. பக்கத்தில் அம்மா இருக்கிறாள் என்பது மூச்சுச் சத்தத்தில் மட்டும் தெரிந்தது. இந்த ஒற்றை விஷயத்தைப் பங்கு போட்டுக்கொள்ள உலகத்தில் ஓர் ஆள்கூட இல்லையே என்று பொன்னி நினைத்தாள். அம்மாவிடம்தான் எதையும் சொல்லி அழலாம். இது அம்மாவைப் பற்றியது.

*

வீட்டு வாசலில் துலுக்கானத்தின் குரல் உரத்துக் கேட்டது. டிப்போவிலிருந்து சீக்கிரமே வந்திருக்கிறான். சேரி முழுக்க விஷயம் பரவியிருந்தது. அன்னம் வாத்தியாரம்மா கண்ணில் எதையோ ஊற்றிவிட்டாள் என்பதுவரை வளர்ந்திருந்தது.

அன்னம் துணிமூட்டையோடு நின்றாள். முகம் தெரியவில்லை. உருவம் மட்டும்.

"இன்னா சொன்னாரு டாக்டரு? கண்ணு போச்சா?" என்றான் துலுக்கானம்.

"வெள்ளிக்கெழம தெரியும்" என்றாள் தாயம்மா. "இவ கெளம்பிட்டாளா? போவட்டும். போறவள நிறுத்தாத."

அன்னம் மூட்டையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள்.

ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம். வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்தால் போதும். அம்மா அம்மாவாகவே இருப்பாள். இதைவிடச் சுலபமான அக்கிரமம் கிடையாது.

"அண்ணி, நில்லு."

"இன்னும் இன்னா?"

"நீ ஊத்தினதால ஆகல."

"பொன்னி!" என்றாள் தாயம்மா.

"அவ ஊத்தின ஒரு நாள்தான்மா என் ஓடு சுமாரான தண்ணியில இருந்துச்சு. டாக்டர் சொன்ன உப்புத் தண்ணி நம்ம கெணத்துத் தண்ணி இல்ல. நல்ல தண்ணியக் காய்ச்சி, உப்புப் போட்டு ஆறவைக்கணும். அதுக்குப் பேரு உப்புத் தண்ணி. நம்ம கெணத்தடியில மாடு குளிப்பாட்டறாங்க, அழுக்குத் துணி தோய்க்கறாங்க, எல்லாம் உள்ளயே வடியுது. அதுதான் என் கண்ணுக்குள்ள போயிருக்கு. தெனமும்."



முதலில் பேசினவள் அன்னம்.

"காத்தால இத்தக் கேட்டிருக்கலாமில்ல? கேக்காமயே பேசிட்டே. நீ படிச்சவ."

"தப்புதான் அண்ணி. உள்ள வா."

"வரமாட்டேன்." குரலில் அழுகை இல்லை. "உன் கண்ணு நல்லாவணும். அது வேற. இந்த ஊடு எனக்கு இன்னிக்கு வேணாம்."

அவள் காலடி தூரமாகப் போயிற்று. துலுக்கானம் சற்று நின்றான். பொண்டாட்டி பின்னால் போவதா, போனால் சேரி சிரிக்குமா என்று கணக்குப் போட்டிருப்பான். பிறகு அவனுடைய செருப்புச் சத்தமும் அந்தத் திசையிலேயே போயிற்று.

தாயம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுவாள், தலையில் அடித்துக்கொள்வாள் என்று பொன்னி காத்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"எம்மா. உன்மேல தப்பில்ல. அவரு சரியா சொல்லல. நானும் கேக்கல."

"நான் கேட்டிருக்கணும்" என்றாள் தாயம்மா மெதுவாக. "கண்ணுக்கு வெக்கிறதாச்சே, ஏன் சாமி நல்ல தண்ணி ஆகாதுன்னு கேட்டிருக்கணும். தோணலடி. பொறந்ததுலேந்து அத்தத்தானே சொல்லிக்கினு கீறாங்க. நல்ல தண்ணி உனக்கு ஆகாது, தள்ளி நில்லு. அவரும் அப்படித்தான் சொல்றாருன்னு நெனச்சுட்டேன்."



தாயம்மா எழுந்து மூலைக்குப் போனாள். குடத்தைச் சாய்க்கிற சத்தம். வெறும் குடம். சேரிக் கை தொடக்கூடாத ஊர்க் கிணற்றடியில் தினமும் நின்று, ஊர்க்காரர் யாராவது இறைத்து ஊற்ற, வாங்கி வருகிறவள் அன்னம். இன்று அவள் போகவில்லை.

"ஒத்தடத்துக்குத் தண்ணி வேணுமே" என்றாள் தாயம்மா.

"இந்நேரத்துக்கு அங்க யாரும் இருக்க மாட்டாங்கம்மா. ஊத்த ஆளு வராம எவ்வளவு நேரம் நிப்பே?"

"நிக்கப் போறதில்ல."

குடம் இடுப்பில் ஏறியது. வாசல் வெளிச்சத்தில் ஒரு நிழல் தடித்து, மெலிந்து, இல்லாமல் போயிற்று.

"எம்மா! எம்மா, இரு!"

பொன்னி சுவரைத் தடவிக்கொண்டு வெளியே வந்தாள். வேலியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சேரி முடிகிற வாய்க்கால் வரை வந்து நின்றாள். அதற்கு மேல் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. எதிரே மங்கலான வானமும் அதைவிட மங்கலான ஊரும். அம்மா எங்கே என்று தெரியவில்லை. கட்டுக்குள் கண் விண்விண் என்று தெறித்தது.

கிணற்று ராட்டினம் கிறீச்சிட்டது.

ஒரு சுற்று. இரண்டு சுற்று. வாளி தண்ணீரைத் தொட்ட சத்தம் கூடக் கேட்டது.

"யாருடி அது, கயித்துல கை வெக்கிறவ?" ஓர் ஆண் குரல். ஓட்டமாக வருகிற குரல். அதன் பின்னால் இன்னொன்று.

ராட்டினம் நின்றது.

பொன்னி வாய்க்காலில் காலை வைத்தாள். எவ்வளவு ஆழம் என்று தெரியவில்லை. அம்மா பதில் சொல்கிறாளா என்று காதைக் கூர்மையாக்கிக் கேட்டாள்.

அம்மா பதில் சொல்லவில்லை. ராட்டினம் மறுபடி சுற்ற ஆரம்பித்தது.